ஒரே ஆண்டில் பாலமும் ஆட்சியும் கவிழ்ந்த ஆஸ்திரேலியா: 1975இல் நடந்தது என்ன?

டெல்லி: மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு, பிரதிநிதிகள் சபையில் பெரும்பான்மை பலத்துடன் இருந்த ஒரு பிரதமரை, அவரே பரிந்துரைத்து நியமிக்கச் செய்த தலைமை ஆளுநர் ஒரு நண்பகலில் பதவி நீக்கம் செய்தார். ஆஸ்திரேலிய வரலாற்றில் அதற்கு முன்பும் பின்பும் நிகழாத அந்தச் சம்பவம் 1975ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் தேதி நடந்தது. அதனால் அந்த ஆண்டு என்றாலே அந்நாட்டினருக்கு இந்த ஒரு நிகழ்வுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஆனால் பூர்வகுடி மக்களுக்கு நிலம் திருப்பி அளிக்கப்பட்டது, இனப் பாகுபாட்டுக்கு எதிரான முதல் தேசியச் சட்டம், பப்புவா நியூ கினியாவின் விடுதலை, அனைவருக்குமான மருத்துவக் காப்பீடு என இன்றைய ஆஸ்திரேலியாவின் பல அடையாளங்கள் உருவானதும் அதே 12 மாதங்களில்தான்.

துயரத்துடன் தொடங்கிய ஆண்டு: 1974ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளின் அதிகாலையில் வடக்கு ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரைத் தாக்கிய 'ட்ரேசி' புயலில் 66 பேர் உயிரிழந்தனர். நகரின் பெரும்பாலான வீடுகள் தரைமட்டமாகின. ராணுவ மேஜர் ஜெனரல் ஆலன் ஸ்ட்ரெட்டன் தலைமையிலான மீட்புக் குழு, நகர மக்களில் பெரும்பாலானோரை விமானங்களிலும் சாலை வழியாகவும் தென்பகுதி நகரங்களுக்கு அனுப்பி வைத்தது. 1975 பிறந்தபோது டார்வின் ஏறத்தாழ வெறிச்சோடிக் கிடந்தது.

அந்தத் துயரம் ஆறுவதற்குள், ஜனவரி 5ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை இரவு, டாஸ்மேனியா மாநிலத் தலைநகர் ஹோபார்ட்டில் டெர்வென்ட் ஆற்றின் குறுக்கே அமைந்திருந்த டாஸ்மன் பாலத்தின் தூண்கள் மீது, 10 ஆயிரம் டன் துத்தநாகத் தாதுவை ஏற்றிச் சென்ற 'லேக் இல்லவாரா' என்ற சரக்குக் கப்பல் மோதியது. 2 தூண்கள் சரிந்து, பாலத்தின் மேல்தளத்தில் 127 மீட்டர் நீளப் பகுதி கப்பலின் மீதே விழுந்தது. கப்பல் சில நிமிடங்களில் மூழ்கியது. பாலத்தில் வந்துகொண்டிருந்த 4 கார்கள், விளக்குகள் அணைந்த இருளில் இடைவெளி இருப்பது தெரியாமல் ஆற்றுக்குள் பாய்ந்தன. மேலும் 2 கார்கள் முன்சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கிய நிலையில் விளிம்பில் நின்றன. அவற்றில் இருந்தவர்கள் உயிர் தப்பினர். கப்பல் பணியாளர்கள் 7 பேர், கார்களில் வந்தவர்கள் 5 பேர் என மொத்தம் 12 பேர் உயிரிழந்தனர். விடுமுறை நாள் இரவு என்பதால் போக்குவரத்து குறைவாக இருந்தது. வேலை நாளின் மாலை நேரமாக இருந்திருந்தால் உயிரிழப்பு பன்மடங்கு உயர்ந்திருக்கும். விசாரணையில் கப்பல் தலைவர் கப்பலை முறையாகச் செலுத்தவில்லை என முடிவு செய்யப்பட்டு, அவரது தகுதிச் சான்று 6 மாதங்களுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது.

இந்த விபத்தின் உண்மையான பாதிப்பு மறுநாள் காலையில்தான் தெரிந்தது. ஆற்றின் கிழக்குக் கரையில் குடியிருப்புகள் இருந்தன. மருத்துவமனைகள், அலுவலகங்கள், கல்லூரிகள் போன்றவை பெரும்பாலும் மேற்குக் கரையில் இருந்தன. சில நிமிடங்களில் கடந்த ஆற்றைக் கடக்க, பல கிலோமீட்டர் தொலைவு சுற்றிச் செல்ல வேண்டிய நிலை ஏற்பட்டது. மற்றவர்கள் படகுத்துறைகளில் வரிசையில் நின்றனர். 1977 அக்டோபரில் பாலம் மீண்டும் திறக்கப்படும் வரை, ஏறத்தாழ இரண்டே முக்கால் ஆண்டுகள் இந்நிலை நீடித்தது. அந்நாள்களில் படகுச் சேவை நடத்திய பாப் கிளிஃபோர்ட், பின்னாளில் அதிவேகக் கட்டுமரக் கப்பல்களைக் கட்டி உலக நாடுகளுக்கு விற்பனை செய்யும் 'இன்கேட்' நிறுவனத்தை உருவாக்கினார். மூழ்கிய கப்பல் இன்னும் ஆற்றின் அடியிலேயே கிடக்கிறது. பெரிய கப்பல்கள் கடக்கும்போது பாலத்தில் வாகனப் போக்குவரத்து இப்போதும் நிறுத்தப்படுகிறது.

சட்டங்களின் ஆண்டு: 23 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 1972 டிசம்பரில் ஆட்சிக்கு வந்த தொழிலாளர் கட்சிக்கும், அதன் தலைவரான பிரதமர் கஃப் விட்லமுக்கும் பொறுமை இருக்கவில்லை. அவரது அரசின் வேகத்துக்கு 1975ஆம் ஆண்டின் நடுப்பகுதி சான்று. ஜூன் மாதத்தில் மட்டும் குடும்பச் சட்டம், இனப் பாகுபாடு தடைச் சட்டம், பெருந்தடுப்புப் பவளத்திட்டுக் கடல் பூங்கா சட்டம் ஆகியவை நிறைவேறி ஒப்புதல் பெற்றன.

இவற்றில் குடும்பச் சட்டம் சாதாரண மக்களின் வாழ்வை நேரடியாகத் தொட்டது. அதுவரை விவாகரத்து பெற 14 காரணங்களில் ஒன்றை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். துணையின் தகாத உறவை நிரூபிக்கத் தனியார் துப்பறிவாளர்களை அமர்த்துவதும் நடந்து வந்தது. புதிய சட்டப்படி, தம்பதியர் 12 மாதங்கள் பிரிந்து வாழ்ந்திருந்தால் போதும். யார் மீது தவறு என்ற கேள்வியே எழாது. சட்டம் 1976 ஜனவரியில் நடைமுறைக்கு வந்ததும், முந்தைய ஆண்டில் சுமார் 24 ஆயிரமாக இருந்த விவாகரத்துகளின் எண்ணிக்கை சுமார் 63 ஆயிரமாக உயர்ந்தது. குடும்பங்கள் சிதைகின்றன என்று விமர்சனம் எழுந்தாலும், பல ஆண்டுகளாகப் பிரிந்து வாழ்ந்தவர்கள் ஒரே நேரத்தில் விண்ணப்பித்ததே இதற்கு முக்கியக் காரணம். அடுத்தடுத்த ஆண்டுகளில் எண்ணிக்கை குறைந்தது.

இனப் பாகுபாடு தடைச் சட்டம் வெளிப்பார்வைக்கு அமைதியாக வந்தது. ஆனால் அதன் வலிமை பின்னரே தெரியவந்தது. குயின்ஸ்லாந்து மாநில அரசு பூர்வகுடி மக்களின் நில உரிமைகளை முடக்க முயன்றபோதெல்லாம் இந்தச் சட்டமே குறுக்கே நின்றது. எடி மாபோ தொடுத்த வழக்கில், நில உரிமைக் கோரிக்கையை ஒரேயடியாக ரத்து செய்ய அம்மாநிலம் இயற்றிய சட்டம் 1988இல் செல்லாது என உயர் நீதிமன்றம் அறிவித்ததும் இதன் அடிப்படையில்தான். ஆஸ்திரேலியாவில் 'உயர் நீதிமன்றம்' என்பது நாட்டின் உச்சபட்ச நீதிமன்றத்தின் பெயர் என்பது குறிப்பிடத்தக்கது.

ஜூலை 1ஆம் தேதி 'மெடிபேங்க்' என்ற அனைவருக்குமான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. ஆங்கிலம் அறியாத குடியேறிகளுக்கு இந்தத் திட்டத்தை எப்படி விளக்குவது என்ற கேள்விக்கு விடையாக, ஜூன் மாதத்தில் சிட்னியிலும் மெல்போர்னிலும் இத்தாலியம், கிரேக்கம், அரபு, துருக்கியம் உள்ளிட்ட மொழிகளில் பேசும் இரு சோதனை வானொலி நிலையங்கள் தொடங்கப்பட்டன. தற்காலிக ஏற்பாடாகத் தொடங்கிய அவையே பின்னர் எஸ்பிஎஸ் என்ற பன்மொழி ஒலிபரப்பு நிறுவனமாக வளர்ந்தன. இன்று அந்நாட்டுத் தமிழர்கள் கேட்கும் எஸ்பிஎஸ் தமிழ் ஒலிபரப்பின் வேர் அங்கேதான் இருக்கிறது. மெடிபேங்க் திட்டத்தை அடுத்து வந்த அரசு படிப்படியாகக் கலைத்தது. 1984இல் அது 'மெடிகேர்' என்ற பெயரில் மீண்டும் வந்தது.

கையில் விழுந்த மண்: ஆகஸ்ட் 16ஆம் தேதி, வடக்குப் பிரதேசத்தின் டகுரகு என்ற இடத்தில், பிரதமர் விட்லம் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி, முதியவர் ஒருவரின் உள்ளங்கையில் கொட்டினார். அந்த முதியவர் வின்சென்ட் லிங்கியாரி, குரிஞ்சி இனத்தின் தலைவர். பிரிட்டனைச் சேர்ந்த வெஸ்டி குழுமத்தின் வேவ் ஹில் மாட்டுப் பண்ணையில் அற்பக் கூலிக்கு வேலை செய்துவந்த சுமார் 200 குரிஞ்சி மக்கள், 1966 ஆகஸ்டில் அவரது தலைமையில் வெளிநடப்புச் செய்தனர். கூலி உயர்வுக்கான வேலைநிறுத்தம் என்றே அரசும் பண்ணை நிர்வாகமும் முதலில் கருதின. தங்கள் மூதாதையர் நிலமே தங்களுக்கு வேண்டும் என்பது குரிஞ்சி மக்களின் கோரிக்கை. அதற்காக 9 ஆண்டுகள் அவர்கள் பண்ணைக்குத் திரும்பவே இல்லை.

அன்று அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது சுமார் 3,200 சதுர கிலோமீட்டர் நிலத்துக்கான குத்தகைப் பத்திரம். முழு உரிமை கிடைக்க அவர்கள் மேலும் ஓராண்டல்ல, பத்தாண்டுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது. ஆனால் மண் கை மாறிய அந்தக் காட்சியின் புகைப்படம்தான் நில உரிமை இயக்கத்தின் அடையாளமாக நிலைத்தது. அதை எடுத்தவர் மெர்வின் பிஷப் என்ற பூர்வகுடிப் புகைப்படக் கலைஞர். நிழலான கொட்டகைக்குள் நடந்த நிகழ்வு படத்துக்குச் சரிவராது என்று எண்ணிய அவர், இருவரையும் வெளியே அழைத்துவந்து, நீல வானத்தின் பின்னணியில் மறுபடியும் ஒருமுறை மண்ணைக் கொட்டச் செய்து படமெடுத்தார். வடக்குப் பிரதேசத்துக்கான பூர்வகுடி நில உரிமைச் சட்டம் 1976இல், விட்லமுக்குப் பின் வந்த அரசால் நிறைவேற்றப்பட்டது.

அண்டை நாடுகளில் இரு முகங்கள்: செப்டம்பர் 16ஆம் தேதி, ஆஸ்திரேலியாவின் நிர்வாகத்தில் இருந்த பப்புவா நியூ கினியா விடுதலை பெற்றது. மைக்கேல் சொமாரே அதன் முதல் பிரதமரானார். குடியேற்ற ஆட்சி முடிவுக்கு வந்த பல நாடுகளைப் போல் அங்கு ரத்தம் சிந்தப்படவில்லை. கொடி இறக்கப்படுகிறதே தவிர, கிழித்தெறியப்படவில்லை என்று அந்நாட்டின் முதல் தலைமை ஆளுநர் ஜான் கைஸ் விழாவில் குறிப்பிட்டார்.

அடுத்த மாதமே கிழக்குத் திமோரில் இருந்து கொடிய செய்தி வந்தது. போர்ச்சுகலின் பிடியில் இருந்து விலகிக்கொண்டிருந்த அந்நிலப்பகுதிக்குள் இந்தோனேசியப் படைகள் ஊடுருவுவதைப் பதிவு செய்யச் சென்ற தொலைக்காட்சிச் செய்தியாளர்கள் 5 பேர், அக்டோபர் 16ஆம் தேதி பலிபோ என்ற ஊரில் கொல்லப்பட்டனர். அவர்கள் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சிகளுக்காகப் பணியாற்றியவர்கள். தாங்கள் தங்கிய வீட்டுச் சுவரில் ஆஸ்திரேலியக் கொடியை வரைந்து வைத்தும் அது அவர்களைக் காக்கவில்லை. இருதரப்புத் துப்பாக்கிச் சண்டையில் சிக்கி இறந்தனர் என்பது இந்தோனேசியாவின் நிலைப்பாடு. அவர்கள் திட்டமிட்டே கொல்லப்பட்டனர் என நியூ சவுத் வேல்ஸ் மாநில மரண விசாரணை அதிகாரி 2007இல் தீர்ப்பளித்தார். டிசம்பர் 7ஆம் தேதி இந்தோனேசியா முழுப் படையெடுப்பைத் தொடங்கியபோது, கான்பெராவில் இருந்தது ஒரு காபந்து அரசு மட்டுமே.

நெருக்கடி உருவானது எப்படி?: பிரதிநிதிகள் சபையில் விட்லமுக்குப் பெரும்பான்மை இருந்தது, 60 உறுப்பினர்கள் கொண்ட மேலவையான செனட்டில் இல்லை. இந்தியாவில் பண மசோதாவை மாநிலங்களவை 14 நாள்களுக்கு மேல் தாமதிக்க முடியாது, நிராகரிக்கவும் முடியாது. ஆஸ்திரேலியாவிலோ, அரசமைப்பின் 53ஆவது பிரிவு செனட் நிதி மசோதாக்களைத் திருத்தக் கூடாது என்கிறதே தவிர, அவற்றை நிறைவேற்ற மறுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. இந்த இடைவெளிக்குள்தான் ஓர் அரசு விழுந்தது.

செனட் உறுப்பினர் ஒருவர் விலகினாலோ இறந்தாலோ, அவரது கட்சியைச் சேர்ந்தவரையே மாநிலங்கள் நியமிப்பது மரபாக இருந்தது. 1975இல் அந்த மரபு இருமுறை மீறப்பட்டது. அரசின் சட்டத்துறைத் தலைவர் லயனல் மர்ஃபி உயர் நீதிமன்ற நீதிபதியானதும், அவரது இடத்துக்கு நியூ சவுத் வேல்ஸ் அரசு சுயேச்சை ஒருவரை அனுப்பியது. ஜூன் 30ஆம் தேதி தொழிலாளர் கட்சியின் குயின்ஸ்லாந்து உறுப்பினர் பெர்ட்டி மில்லினர் இறந்தார். அம்மாநில முதல்வர் ஜோ பியெல்கே பீட்டர்சன், விட்லமை வெளிப்படையாக எதிர்த்த ஆல்பர்ட் ஃபீல்டு என்பவரை நியமித்தார். ஃபீல்டின் நியமனம் வழக்கில் சிக்கியதால் அவரால் வாக்களிக்க முடியவில்லை. ஆனாலும் அந்த இடம் காலியாக இருந்ததே எதிர்க்கட்சிக்குப் போதுமானதாக இருந்தது. செனட்டில் வாக்குகள் சமமானால் தீர்மானம் தோற்கும். மில்லினர் உயிரோடு இருந்திருந்தால் வாக்குகள் 30க்கு 30 என நின்று, நிதி மசோதாவைத் தள்ளிவைக்கும் தீர்மானம் தோற்றிருக்கும்.

அரசும் எதிர்க்கட்சிக்குக் காரணங்களை வாரி வழங்கியது. விலைவாசியும் வேலையின்மையும் உயர்ந்திருந்தன. வளைகுடா நாடுகளின் எண்ணெய்ப் பணத்தில் இருந்து, வழக்கமான நிதித்துறை வழிகளைத் தவிர்த்து, 400 கோடி டாலர் கடன் திரட்டக் கனிமவளத்துறை அமைச்சர் ரெக்ஸ் கானருக்கு 1974 டிசம்பரில் அனுமதி அளிக்கப்பட்டது. இடைத்தரகராக வந்தவர் திரத் கெம்லானி என்ற வணிகர். ஒரு டாலர் கூடக் கடன் வரவில்லை. ஆனால் பல மாதங்கள் நாளிதழ்களின் முதல் பக்கத்தை அந்த விவகாரமே நிரப்பியது. துணைப் பிரதமர் பதவியில் இருந்த ஜிம் கெய்ன்ஸ், மற்றொரு கடன் முயற்சி தொடர்பாக நாடாளுமன்றத்தைத் தவறாக வழிநடத்தியதாக ஜூலையில் நீக்கப்பட்டார். அனுமதி ரத்தான பிறகும் கெம்லானியுடன் தொடர்பில் இருந்தது அம்பலமானதால், அக்டோபர் 14ஆம் தேதி கானர் பதவி விலகினார். அடுத்த நாளே, மார்ச் மாதத்தில் லிபரல் கட்சித் தலைவராகியிருந்த மால்கம் ஃபிரேசர், பொதுத் தேர்தல் அறிவிக்கப்படும் வரை நிதி மசோதாக்களை செனட் நிறைவேற்றாது என அறிவித்தார்.

நவம்பர் 11, செவ்வாய்க்கிழமை: அரசின் கையிருப்பு நவம்பர் இறுதி வரைதான் தாங்கும் என்ற நிலை. இருதரப்பும் இறங்கி வரவில்லை. தலைமை ஆளுநர் சர் ஜான் கெர், முந்தைய நாள் தலைமை நீதிபதி கார்ஃபீல்டு பார்விக்கிடம் ஆலோசனை பெற்றார். பதவி நீக்க அதிகாரம் உண்டு என அவர் எழுத்துபூர்வமாகத் தெரிவித்தார். மற்றொரு நீதிபதியான ஆண்டனி மேசனிடமும் கெர் ஆலோசித்தது 2012இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. தலைமை ஆளுநர் பிரதமரின் அறிவுரைப்படியே நடப்பார் என்று உறுதியாக நம்பிய விட்லம், இதில் எதையும் அறிந்திருக்கவில்லை.

செனட்டின் பாதி இடங்களுக்குத் தேர்தல் நடத்தப் பரிந்துரைக்கும் கடிதத்துடன், நண்பகல் 1 மணியளவில் யாரலும்லா மாளிகைக்கு விட்லம் சென்றார். ஃபிரேசர் அதற்கு முன்பே அங்கு வந்து வேறு அறையில் காத்திருந்தார்; அவரது கார் பார்வையில் படாத இடத்தில் நிறுத்தப்பட்டிருந்தது. விட்லமிடம் கெர் பதவி நீக்கக் கடிதத்தை நீட்டினார். சில நிமிடங்களில் ஃபிரேசர் காபந்து பிரதமராகப் பதவியேற்றார். நிதி மசோதாக்களை நிறைவேற்றித் தருவது, உடனே தேர்தலுக்குச் செல்வது ஆகியவை அவருக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகள்.

அடுத்த சில மணி நேரங்களில் நடந்ததைப் படிக்கும் எவருக்கும் வியப்பே மிஞ்சும். வீடு திரும்பிய விட்லம் மதிய உணவு உண்டபடியே நெருங்கிய சகாக்களை அழைத்து ஆலோசித்தார். செனட்டில் இருந்த தன் கட்சியினருக்குத் தகவல் சொல்லவில்லை. தங்கள் அரசு இல்லை என்பதே தெரியாமல், அவர்கள் பிற்பகல் 2.20 மணிக்குப் பிறகு நிதி மசோதாக்களை நிறைவேற்ற முனைந்தனர். எதிர்க்கட்சி எதிர்ப்பின்றி ஒத்துழைக்க, ஒரு மாத காலம் முடங்கிய மசோதாக்கள் சில நிமிடங்களில் நிறைவேறின. அதாவது, ஃபிரேசருக்கு விதிக்கப்பட்ட முதல் நிபந்தனையை அவருக்காக நிறைவேற்றிக் கொடுத்தது தொழிலாளர் கட்சியே. 2.34 மணிக்குத் தாமே பிரதமர் என ஃபிரேசர் சபையில் அறிவித்தார். அவர் மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானம் 64க்கு 54 என்ற வாக்குகளில் நிறைவேறியது. அதைத் தெரிவிக்கச் சபாநாயகர் கார்டன் ஸ்கோல்ஸ் நேரம் கேட்டார், மாலை 4.45 மணிக்கு வரச் சொன்னார் கெர். அவர் உள்ளே நுழைந்தபோது நாடாளுமன்றம் கலைக்கப்பட்டிருந்தது.

இரு அவைகளையும் கலைக்கக் காரணமாகக் காட்டப்பட்டவை, செனட் இருமுறை தடுத்த 21 மசோதாக்கள். அவை அனைத்தும் விட்லம் அரசு கொண்டுவந்தவை. தடுத்தது ஃபிரேசரின் தரப்பு. கலைப்பு அறிவிப்பைத் தலைமை ஆளுநரின் செயலாளர் டேவிட் ஸ்மித் நாடாளுமன்றப் படிகளில் நின்று வாசித்தபோது, அவருக்குப் பின்னால் நின்ற விட்லம், அரசியைக் கடவுள் காப்பாற்றலாம், தலைமை ஆளுநரைக் காப்பாற்ற எதுவும் இல்லை என்று திரண்டிருந்தவர்களிடம் முழங்கினார். நாடு முழுவதும் போராட்டங்கள் வெடித்தன. ஆனால் டிசம்பர் 13ஆம் தேதி நடந்த தேர்தலில் மக்கள் வேறுவிதமாகத் தீர்ப்பளித்தனர். 127 இடங்களில் 91 இடங்களை ஃபிரேசர் தலைமையிலான கூட்டணி கைப்பற்றியது. தொழிலாளர் கட்சிக்கு 36 இடங்களே கிடைத்தன.

அதே ஆண்டில்: மார்ச் 1ஆம் தேதி வண்ணத் தொலைக்காட்சி அறிமுகமானது. ஜூன் 21ஆம் தேதி லார்ட்ஸ் மைதானத்தில் நடந்த முதல் உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதிப் போட்டியில், 5 வீரர்களை ரன் அவுட் முறையில் இழந்த ஆஸ்திரேலியா, மேற்கிந்தியத் தீவுகளிடம் 17 ரன்களில் தோற்றது. சிட்னியில் பிறந்து, இளமையிலேயே செவித்திறனை இழந்த ஜான் கார்ன்ஃபோர்த் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். செப்டம்பரில் குயின்ஸ்லாந்தின் கியாங்கா நிலக்கரிச் சுரங்க வெடிவிபத்தில் 13 தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.

அரண்மனைக் கடிதங்கள்: பொதுவெளியில் சென்ற இடமெல்லாம் எதிர்ப்பைச் சந்தித்த கெர், 1977இல் பதவி விலகினார். அவருக்கும் பக்கிங்ஹாம் அரண்மனைக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்து தனிப்பட்டது எனக் கூறி ஆவணக் காப்பகம் வெளியிட மறுத்தது. வரலாற்றாய்வாளர் ஜென்னி ஹாக்கிங் தொடுத்த வழக்கில், அவை அரசு ஆவணங்களே என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததை அடுத்து, 200க்கும் மேற்பட்ட கடிதங்கள் 2020 ஜூலை 14ஆம் தேதி வெளியாகின. அரண்மனைக்கு முன்கூட்டியே தெரிவிக்காமல் முடிவெடுத்ததாகவும், அரசிக்கு முன்பே தெரியாமல் இருப்பது நல்லது என்று கருதியதாகவும், பதவி நீக்கம் செய்த அன்றே அரசியின் செயலாளர் மார்ட்டின் சார்டரிஸுக்குக் கெர் எழுதியிருந்தார். அதே சமயம், பதவி நீக்கத்துக்கான வாய்ப்பு குறித்து இருவரும் பல வாரங்களாகவே கடிதங்களில் விவாதித்து வந்ததும் அவற்றில் வெளிப்பட்டது.

செனட்டில் ஏற்படும் காலியிடத்துக்கு அதே கட்சியைச் சேர்ந்தவரையே நியமிக்க வேண்டும் என்பது 1977 மே மாதம் நடந்த பொதுவாக்கெடுப்பின் மூலம் அரசமைப்பில் சேர்க்கப்பட்டது. நிதி மசோதாக்களை நிறைவேற்ற மறுக்கும் செனட்டின் அதிகாரமும், பிரதமரை நீக்கும் தலைமை ஆளுநரின் அதிகாரமும் இன்றுவரை திருத்தப்படவில்லை.